டாக்னி தேடிய கிணறு

கழிவறைக்குப் போய்விட்டு வருவதற்குள் டாக்னியைத் தலைவியாக்கிவிட்டார்கள். எங்கள் ரேவ்லுண்ட் கிராமத்துக் குடிநீர்ச் சங்கத்துக்கு ஆள் பிடிப்பது எப்போதும் இப்படித்தான். ஆண்டுக் கூட்டத்தில் யார் எழுந்து வெளியே போகிறார்களோ அவர்கள் தலையில் ஒரு பதவி விழும். அதற்குப் பயந்தே எங்கள் ஊர் ஆண்கள் அன்றைக்கு மட்டும் பீரை அளவோடு குடிப்பார்கள். டாக்னி அப்போதுதான் பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தாள். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தவளைப் பார்த்து மண்டபம் முழுக்கக் கைதட்டியது.

“எதுக்குய்யா தட்டுறீங்க?” என்றாள்.

“இன்னிலேருந்து நீதான் தண்ணித் தலைவி” என்றான் ஹோல்கர். பன்றிப் பண்ணை வைத்திருந்து விற்றவன். இளவயதில் அரண்மனைக் காவல் படையில் இருந்ததை இன்றுவரை யாரையும் மறக்கவிடாதவன்.

“நாசமாப் போச்சு! கூட்டம் முடியறவரைக்கும் அடக்கிட்டு உக்கார முடியாதவளுக்கா தலைவி பதவி?” என்று டாக்னி சிரித்தாள். அவள் சிரித்தால் சன்னல் கண்ணாடி அதிரும். அந்தச் சிரிப்போடு பதவியை ஏற்றுக்கொண்டாள்.

நான் யூட்டா, டாக்னிக்கு எதிர்வீடு. என் வீட்டு முன்னறையில்தான் ஊர்ப் பெண்களுக்கு முடி வெட்டுகிறேன், சுருட்டுகிறேன், சாயம் பூசுகிறேன். அந்த நாற்காலியில் தலையைச் சாய்த்துவிட்டால் யாருக்கும் வாய் சும்மா இருக்காது. ஆகவே நான் சொல்வதெல்லாம் நம்பகமான செய்தி. நம்பாதவர்கள் வேறு இடத்தில் முடி வெட்டிக்கொள்ளலாம்.

டாக்னி ஓட்டிய பேருந்தில் போய்த்தான் இந்த ஊரின் பாதிப் பேர் படித்தார்கள். பின்சீட்டில் எவன் எவனைக் கிள்ளுகிறான் என்பதை முதுகாலேயே பார்த்துவிடுவாள் என்பார்கள். இன்று வழுக்கை விழுந்த பெரிய மனிதர்கள்கூட அவள் குரல் உயர்ந்தால் சட்டென்று நிமிர்ந்து உட்காருவார்கள். அவள் கணவன் எகோன் நேர் எதிர். தச்சன். ஒரு நாளைக்குப் பேச வேண்டியதைக் காலைக் காபியோடு பேசி முடித்துவிட்டு, அப்புறம் பட்டறைக்குப் போய்விடுவான். இவர்கள் இரண்டு பேரும் எப்படிச் சேர்ந்தார்கள் என்று கேட்டால் டாக்னி, “ஒருத்தர் பேசணும்னா ஒருத்தர் கேக்கணும்ல?” என்பாள்.

எங்கள் நீர்நிலையம் அவர்கள் வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. சிவப்புச் செங்கல்லில் ஒரு சின்ன வீடு, அவ்வளவுதான். மண்ணுக்கடியிலிருந்து ஏறி வரும் தண்ணீருக்குக் கொஞ்சம் காற்றுக் காட்டி, மணலில் வடித்து, அப்படியே குழாயில் விடுகிறோம். மருந்து கிருந்து எதுவும் கலப்பதில்லை. டென்மார்க்கில் குழாய்த் தண்ணீரில் மருந்து வாசனை வந்தால் ஊரே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்ளும். டாக்னி பொறுப்பேற்றதும் அந்தச் செங்கல் வீட்டு வாசலில் வெள்ளை மரக்கட்டைச் செருப்புகளை வரிசையாக அடுக்கினாள். வெளிச் செருப்போடு ஒருவரும் உள்ளே போகக் கூடாது. பிஷப்பே வந்து பார்த்தபோதும், “உங்க காலணி எந்தச் சாணியை மிதிச்சிதுன்னு கடவுளுக்குத்தான் தெரியும்” என்று சொல்லி மாற்றிக்கொள்ள வைத்தாள். அவரும் மறுபேச்சுப் பேசாமல் மாற்றிக்கொண்டார்.

இந்த நிலையம் வருவதற்கு முன்னால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கிணறாவது இருந்தது. குழாய் வந்த குஷியில் நம் முன்னோர்கள் கிணறுகளைக் கையில் கிடைத்ததைப் போட்டு மூடினார்கள். உடைந்த ஓடு, பழைய அடுப்பு, செத்த பூனை. இதெல்லாம் எங்களுக்கு உறைக்கவே இல்லை. நகராட்சியில் நிலத்தடி நீரைக் கவனிக்கும் சிஸல் என்ற இளம்பெண்தான் வந்து உட்கார்ந்து சொன்னாள்.

“டாக்னி, உன் தண்ணிக்கு மேல நல்ல களிமண் கூரை இருக்கு. அழுக்கு எறங்காது. ஆனா சரியா மூடாத ஒவ்வொரு கிணறும் அந்தக் கூரையில ஒரு ஓட்டை. மேல இருக்கறது நேரா கீழ போயிடும்.”

அன்றைக்குப் பிடித்தது டாக்னிக்குப் பைத்தியம். முதலில் தன் வீட்டுக் கிணற்றை மூடினாள். பழைய மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் இருந்தது அது. துளைக்கிணறு போடும் வாக்ன் தன் பெரிய லாரியைக் கொண்டுவந்து உள்ளே கிடந்த குப்பையையெல்லாம் வாரி எடுத்தான். அப்புறம் களிமண் உருண்டைகளை மூட்டை மூட்டையாகக் கொட்டினான். தண்ணீர் பட்டால் அந்த உருண்டைகள் ஊதிப் பெருத்து, ஒரு சொட்டுக்கூட வழி விடாமல் அடைத்துக்கொள்ளும். “எங்க வீடு சுத்தம்! இனி உங்க வீடு” என்று டாக்னி தெருவில் நின்றே அறிவித்தாள்.

அப்புறம் வீடு வீடாகப் படையெடுப்பு. எந்த முற்றத்துக் கொடிமரத்தில் தேசியக் கொடி ஏறியிருக்கிறதோ அங்கே யாருக்கோ பிறந்தநாள், காபியும் கேக்கும் தயார் என்று அர்த்தம். டாக்னி சைக்கிளை நிறுத்துவாள், வாழ்த்துச் சொல்வாள், கிரீம் கேக்கில் ஒரு பெரிய துண்டை வாங்கிக்கொள்வாள். வாயில் கேக் இருக்கும்போதே, “உங்க பழைய கிணறு எங்க இருந்துச்சு?” என்று ஆரம்பிப்பாள். நாய்க்கூண்டுக்கு அடியில் ஒன்று, வெங்காயப் பாத்திக்கு அடியில் ஒன்று என்று நிறையக் கண்டுபிடித்தாள். ஆனால் எல்லாரும் வாய் திறக்கவில்லை. வாக்னின் லாரி வந்து போனால் தோட்டம் உழுத வயல் மாதிரி ஆகிவிடும். எங்கள் ஊர் ஆண்களுக்குப் பெண்டாட்டியை விடப் புல்தரை பெரிது. “கிணறா? எங்க வீட்லயா? கேள்விப்பட்டதே இல்லையே” என்று கேக்கை நீட்டி வாயை அடைத்துவிடுவார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த வசந்தத்தில் இடி விழுந்தது. பரிசோதனைக்கு எடுத்த தண்ணீரில் குடல் கிருமி. யாரும் கொதிக்க வைக்காமல் குடிக்கக் கூடாது என்று ஊர் முழுக்க அறிவிப்பு.

பல் தேய்க்கக் கொதித்த தண்ணீர், கீரை அலசக் கொதித்த தண்ணீர். என் வேலையைக் கேட்காதீர்கள். தலை அலசும்போது வாய்க்குள் ஒரு சொட்டுப் போனாலும் சாவு வந்துவிடும் என்பதுபோல ஒவ்வொருத்தியும் உதட்டை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். ஊர்ச் செய்தி எனக்கு எங்கிருந்து வரும்? அந்த வசந்தத்தில் நான் அநாதையாகிப் போனேன்.

சிஸல் மறுபடி மறுபடி வந்து பார்த்தாள். வெயில் காய்ந்தால் தண்ணீர் சுத்தம், மழை அடித்தால் கிருமி. “மழைத் தண்ணி எங்கேயோ நேரா உள்ள எறங்குது. அதுவும் நிலையத்துக்குப் பக்கத்துலதான்” என்றாள். கண்டுபிடிக்காவிட்டால் இலையுதிர் காலத்தோடு நிலையத்தை மூடிவிட்டு டவுன் குழாயோடு இணைத்துவிடுவார்கள். அதையும் அவள்தான் சொன்னாள், தரையைப் பார்த்துக்கொண்டே.

ஹோல்கருக்கு அது தேனாக இனித்தது. “சேந்துடுவோம். இந்தக் கிணறு வேட்டை, லாரி, குழி எல்லாம் ஒரேயடியா முடிஞ்சிடும். டவுன்ல மட்டும் என்ன விஷமா குடிக்கிறாங்க?” என்று கடை வாசலில் நின்று பிரசாரம் செய்தான்.

“டவுன் தண்ணியில காபி போட்டுக் குடிச்சிருக்கியா நீ? துணி தோய்ச்ச தண்ணி தேவலை” என்று நான் எரிந்து விழுந்தேன். உண்மையில் டவுன் தண்ணீரும் நல்ல தண்ணீர்தான். ஆனால் அதை ஹோல்கரிடமா ஒப்புக்கொள்வது?

டாக்னி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். நிலையத்தைச் சுற்றியிருந்த வேலி, பள்ளம், புதர் எதையும் விடவில்லை. ஒன்றும் அகப்படவில்லை. ஜூனில் அவர்களுடைய திருமணப் பொன்விழா வந்தது. முந்தின நாள் மதியம் முடி சுருட்டிக்கொள்ள வந்து உட்கார்ந்தாள். அன்றைக்கு அவளிடம் சிரிப்பு இல்லை.

“யூட்டா, எங்கப்பன் பாட்டன் காலத்துத் தண்ணி இல்லடி இது. அதுக்கெல்லாம் ரொம்ப ரொம்ப முன்னாடி பெய்ஞ்ச மழை. மண்ணுக்குள்ள மெதுவா எறங்கி, பத்திரமா இருந்து, நம்ம கைக்கு வந்திருக்கு. அது என் காலத்துல கெட்டுப்போகணுமா? பேருந்துல ஒரு குழந்தைக்குக்கூட ஒரு கீறல் விழாம கொண்டுபோய் விட்டவடி நான்.”

கண்ணாடியில் அவள் கண் கலங்கியதைப் பார்த்தேன். தலையில் இன்னும் இரண்டு சுருள் கூடுதலாகப் போட்டுவிட்டேன்.

விடிந்தால் பொன்விழா. எங்கள் வழக்கப்படி அக்கம்பக்கத்தார் சேர்ந்து, தேவதாரு இலைகளால் ஒரு வளைவு கட்டித் தம்பதியின் வாசற்கதவைச் சுற்றி வைத்துவிட்டோம். காலையில் எல்லாரும் முற்றத்தில் கூடி, பாட்டுப் பாடி அவர்களை எழுப்ப வேண்டும். அன்றைக்கென்று பார்த்து வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. குடைக்கு மேல் குடை. வாக்னின் ஊதுகொம்பில் தண்ணீர் நிரம்பி, அதன் சத்தம் கொம்பு மாதிரியும் இல்லை, பசு மாதிரியும் இல்லை. கொடியேற்றும் பொறுப்பு வழக்கம்போல ஹோல்கருக்கு. மார்பை நிமிர்த்திக்கொண்டு ஏற்றினான். நனைந்த கொடி மரத்தோடு ஒட்டிக்கொண்டது.

கதவு திறந்தது. டாக்னி பூப்போட்ட அங்கியில், என் சுருள்கள் வலைக்குள் பத்திரமாக. பின்னால் எகோன், கோடு போட்ட இரவு உடைக்கு மேல் கழுத்துப் பட்டி கட்டியிருந்தான், மரியாதைக்கு. நாங்கள் பாட, டாக்னி முகம் மலர்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாம் அடிக்கு வந்தபோது அந்த முகம் மாறியது. கையை உயர்த்தினாள்.

“நிறுத்துங்க!”

பொன்விழாப் பாட்டை யாராவது நடுவில் நிறுத்துவார்களா? நாங்கள் தொடர்ந்தோம்.

“வாக்ன், அந்தக் கொம்பைக் கீழ போடுடா!”

பேருந்துக் குரல். எல்லாரும் வாயை மூடிக்கொண்டோம். மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அதற்குள் இன்னொரு சத்தம். களக்… களக்… களக்.

“தவளையா இருக்கும். பாட்டை முடிச்சிடலாமே” என்றான் ஹோல்கர். கொடிமரத்தை ஒட்டி நின்றவன் அவன்தான். முகம் ஏன் இப்படி வெளிறியிருக்கிறது என்று நான் அப்போது நினைத்தது நிஜம்.

“தவளை இப்படி மூச்சு விடாம குடிக்குமா?” என்று சொல்லிக்கொண்டே டாக்னி வெறுங்காலோடு மழையில் இறங்கினாள்.

“முடி! டாக்னி, முடி நனையுதுடி!” என்று நான் கத்தினேன். அரைநாள் வேலை! அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

முற்றத்துச் சரளைக் கல்லெல்லாம் குளமாக நின்றது. கொடிமரத்தைச் சுற்றி மட்டும் தண்ணீர் வட்டமடித்து உள்ளே போய்க்கொண்டிருந்தது, குளியல் தொட்டியின் அடைப்பைப் பிடுங்கிவிட்டதுபோல. வளைவிலிருந்து உதிர்ந்த ஒரு இலைக்கொத்து மிதந்து வந்து, சுழன்று, காணாமல் போனது. டாக்னி மண்டியிட்டுக் கையை விட்டாள். முழங்கை போயிற்று, தோள் வரை போயிற்று. அடி தட்டவில்லை.

“எகோன்” என்றாள். சத்தம் போடவில்லை. அதுதான் எங்களைப் பயமுறுத்தியது.

“என்ன?”

“இந்தக் கொடிமரத்தை யாரு நட்டது?”

“நான்தான். நம்ம கல்யாணத்தன்னைக்கு. உனக்காக.”

“குழி தோண்டினது யாரு?”

“யாரும் தோண்டலை. குழி ஏற்கெனவே இருந்துச்சு. அன்னிக்கு எனக்குத் தலைவலி வேற. முந்தின நாள் பசங்க ஊத்திக் கொடுத்துட்டாங்க. இருக்கற குழியில மரத்தை எறக்கி, சுத்திலும் கல்லைப் போட்டு இறுக்கிட்டேன்.”

“என்ன மாதிரி குழி?”

“வட்டமா. சுத்திலும் கல்லு கட்டியிருந்துச்சு. உள்ள கொஞ்சம் தண்ணி.”

“அதுக்குப் பேரு என்னடா எகோன்?”

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மனிதன் அப்போதுதான் யோசித்தான். அவன் முகத்தில் அது மெல்ல மெல்ல உதித்ததை ஊரே குடைக்கடியில் நின்று பார்த்தது.

“ஐயய்யோ” என்றான் எகோன். “கிணறு.”

“ஊர்ல ஒரு வீடு விடாம கதவைத் தட்டி, கிணறு கிணறுன்னு தொண்டை கிழியக் கேட்டேனேடா. நீ என் பக்கத்துலதானே படுத்திருந்தே!”

“நான் அதைக் கிணறுன்னே நினைக்கலை டாக்னி. ஐம்பது வருஷமா அது கொடிமரம்” என்றான் அவன். பிறகு, எதையும் மறைக்கக் கூடாது என்று நினைத்தானோ என்னவோ, தானாகவே இன்னொன்றையும் சொன்னான். “போன வருஷம் கூரைத் தண்ணிக் குழாயையும் இங்கதான் திருப்பி விட்டேன். வேற எங்க விட்டாலும் தேங்குது. இங்க விட்டா சட்டுன்னு எறங்கிடுது. நம்ம மண்ணு எவ்வளவு நல்ல மண்ணுன்னு நினைச்சு சந்தோஷப்பட்டேன்.”

எல்லாரும் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தோம். மழையில் ஒடுங்கிக்கொண்டு வரிசையாகப் புறாக்கள்.

பொன்விழா அன்றே விவாகரத்தைப் பார்க்கப் போகிறோம் என்றுதான் நினைத்தேன். டாக்னி அப்படியே குட்டைத் தண்ணீரில் உட்கார்ந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நான் ஓடினேன். சிரிக்கிறாள்! “ஊருக்கே புறாப் பீயைக் கரைச்சு ஊத்தியிருக்கோம்டா எகோன்! அதுவும் கொடியேத்தி!” என்று சொல்லிச் சொல்லி, கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தாள். எகோனும் இறங்கி வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் அவள் பக்கத்தில் குட்டையிலேயே உட்கார்ந்துகொண்டான். அப்புறம் நாங்கள் எல்லாரும் சிரித்தோம். குடைகள் தாறுமாறாக ஆடின.

சிரித்து முடித்ததும் எழுந்தாள். “மரத்தைச் சாய்ங்க.”

“இன்னிக்கா? பொன்விழாவுக்குக் கொடி இல்லாமலா?” என்று ஹோல்கர் பதறினான்.

“இப்பவே. மழை நிக்கறதுக்குள்ள இன்னும் எத்தனை வாளி உள்ள போகணும்?”

கொடி தரையில் படக் கூடாது. எகோன் அதை இறக்கி, சுருட்டி, தன் இரவு உடைக்குள் மார்போடு வைத்துக்கொண்டான். வாக்னும் இன்னும் சிலரும் மரத்தை மெதுவாகச் சாய்த்தார்கள். அடிப்பாகம் உளுத்து, கஞ்சி மாதிரி ஆகியிருந்தது. எங்கள் தேவாலயத்துப் பாதிரியாரம்மா தன் குடையைக் குழிக்குப் பிடித்தாள். யாரோ ஓடிப்போய் ஓர் இரும்பு மூடி கொண்டுவந்து குழியை மூடியதும், “ம், மூணாவது அடி பாக்கி இருக்கு” என்றாள் டாக்னி. நின்ற இடத்திலிருந்து பாடி முடித்தோம். பிறகு உள்ளே போய் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்று, குளிருக்கு ஆளுக்கொரு கோப்பை கசப்புச் சாராயம் குடித்தோம். காபி மட்டும் நன்றாகக் கொதிக்க வைத்த தண்ணீரில்.

அந்தக் கிணற்றை வாக்ன் வாரி எடுத்து அடைத்தான். அதற்குப் பிறகு எங்கள் ஊர் செய்ததை எந்த ஊரும் செய்திருக்காது. ஆயுள் முழுக்க மழையைத் திட்டியவர்கள், மழை வராதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வருடம் என்று பார்த்துக் கோடை காய்ந்தது. கடைசியில் ஆகஸ்டில் நல்ல மழை. சிஸல் வந்து சோதனைக்குத் தண்ணீர் எடுத்துப் போனாள். திரும்பி வந்தவள் முகத்தில் பாதிச் சிரிப்புதான் இருந்தது.

“ரொம்பக் குறைஞ்சிடுச்சு. ஆனா முழுசாப் போகலை டாக்னி. இன்னும் ஒண்ணு எங்கேயோ இருக்கு. ஒண்ணுக்கு மேலயும் இருக்கலாம்.”

செப்டம்பரில் மண்டபத்தில் சிறப்புக் கூட்டம். டவுன் குழாயோடு சேர்வதா வேண்டாமா என்று கை தூக்கி முடிவு செய்ய வேண்டும். சேர்ந்தால் செங்கல் வீட்டுக்குப் பூட்டு. மேசையில் கேக் இருந்தும் யாரும் தொடவில்லை என்றால் கூட்டத்தின் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். டாக்னி எழுந்தாள். முடி என் கைவண்ணம், நன்றாகத்தான் இருந்தது.

“கிணறு என் முற்றத்துல இருந்துச்சு, எல்லாருக்கும் தெரியும். ஊருக்கெல்லாம் புத்தி சொன்ன நான்தான் உங்க பிள்ளைங்களுக்கு அழுக்குத் தண்ணி கொடுத்தேன். எனக்கு இந்த வேலை வேண்டாம், வேற ஆளைப் போட்டுக்கோங்க. ஆனா நீங்க கை தூக்கறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. உங்க வீட்டுல ஏதாவது இருந்தா இப்ப சொல்லுங்க. எனக்குக் கோபம் வராது. யாரைப் பார்த்துக் கோபப்பட எனக்கு யோக்கியதை இருக்கு? என்னைவிடப் பெரிய முட்டாள் இந்த ஊர்ல இல்லைன்னு நிரூபணமே ஆயிடுச்சு.”

அப்போது பின்வரிசையில் ஒரு கை எழுந்தது. எகோன். கூட்டத்தில் அவன் பேசி யாரும் கேட்டதில்லை.

“நான் இருக்கேன்” என்றான்.

மண்டபம் ஒரு நொடி விழித்தது. அப்புறம் கூரை பிய்ந்துகொண்டு போகிற மாதிரி ஒரு சிரிப்பு. டாக்னியே மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் இன்னொரு கை எழுந்தது. பாதிரியாரம்மா! “எங்க தோட்டத்துல, பூப்புதருக்கு அடியில ஒண்ணு இருக்கு” என்றாள் முகம் சிவக்க. “புதர் ரொம்ப அழகா இருக்கேன்னு… ஆண்டவர் மன்னிக்கட்டும்.”

“ஆண்டவர் கொதிக்க வச்சுக் குடிக்கிறாரா?” என்று யாரோ கேட்டார்கள். இன்னும் சிரிப்பு. அடுத்தது தபால்காரரின் மனைவி. ஊஞ்சலுக்கு அடியில் ஒரு பலகை இருக்கிறதாம், அதை மிதித்தால் டொங்கு டொங்கு என்கிறதாம், அது என்னவென்று தெரியாதாம். அவளுக்கா தெரியாது!

கடைசியாக ஹோல்கர் எழுந்தான். அரண்மனைக் காவல்காரன் மாதிரியே நின்றான், ஆனால் கண் மட்டும் தரையில் இருந்தது.

“என் கண்ணாடிக் குடில்ல இருக்கு. தக்காளிச் செடிக்கு அடியில” என்றான். “மழைத் தண்ணி வழிஞ்சு அதுலதான் போகுது. ரொம்ப நாளாத் தெரியும். டவுன் குழாய் வந்துட்டா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்கன்னு நினைச்சேன். அன்னிக்கு உன் முற்றத்துல அந்தச் சத்தம் கேட்டப்ப எனக்கு உயிரே போயிடுச்சு டாக்னி. அதே சத்தத்தை என் குடில்ல கேட்டிருக்கேன்.”

மண்டபம் அவளைப் பார்த்தது. கோபப்பட மாட்டேன் என்று இப்போதுதானே சொன்னாள். நானாக இருந்தால் கேக்கை எடுத்து அவன் மூஞ்சியில் அடித்திருப்பேன்.

“அட பாவி” என்றாள் டாக்னி. “கிணறு கேட்டு வந்தப்ப அந்தத் தக்காளியை வெட்டித்தானே எனக்கு ரொட்டி மேல வச்சுக் கொடுத்தே!”

“நல்லா இருக்குன்னு ரெண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டியே” என்றான் ஹோல்கர், அழாத குறையாக.

“நல்லாத்தான்டா இருந்துச்சு” என்று சொல்லி, டாக்னி மேடையிலிருந்து இறங்கிப் போய் அவனைக் கட்டிக்கொண்டாள். டவுன் குழாய்க்குக் கை தூக்கச் சொன்னபோது ஒரு கைகூட எழவில்லை. வேறு தலைவி பற்றி யாரும் பேச்செடுக்கவும் இல்லை.

அடுத்த சில வாரங்கள் வாக்னின் லாரி தோட்டம் தோட்டமாகப் புல்தரையைக் குதறிக்கொண்டு போனது. ஆண்கள் சன்னலில் நின்று துக்கம் அனுசரித்தார்கள். ஹோல்கர் தன் தக்காளிச் செடிகளைத் தானே பிடுங்கினான். அக்டோபரில் ஓயாத மழை. சிஸல் ஒரு மழை விட்டு ஒரு மழைக்கு வந்து மாதிரி எடுத்தாள். நாங்கள் கெட்டிலைக் கொதிக்க விட்டுக்கொண்டு காத்திருந்தோம்.

ஒரு முற்பகல், பாதிரியாரம்மாவின் தலைக்கு நான் நுரை போட்டுக்கொண்டிருந்தேன். வெளியே கொட்டுகிற மழையில் சைக்கிள் மணி விடாமல் அடித்தது. எட்டிப் பார்த்தால் டாக்னி. மஞ்சள் மழைக்கோட்டு, தொப்பி இல்லை, முடி முகமெல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தது. மிதியை அழுத்தி மிதித்துக்கொண்டு தெரு நடுவில் வந்தாள். சிஸல் தொலைபேசியில் சொன்ன மறு நொடி அவள் வீட்டில் உட்காரவில்லையாம்.

“ஒண்ணுமே இல்லையாம்! சுத்தமாம்! மழையிலயும் சுத்தமாம்!” என்று கத்தினாள். “குடிங்க! எல்லாரும் குடிங்க! குழாயைத் திறந்து குடிங்கடா!”

அழுதுகொண்டே கத்தினாள், சிரித்துக்கொண்டும் கத்தினாள். தெருக்கோடி வரைக்கும் போய், திரும்பி வந்து, மறுபடி போனாள். ஒவ்வொரு வீட்டிலும் சன்னல் திறந்தது. ஹோல்கர் ஒரு பெரிய பீர்க் கோப்பை நிறையத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே ஓடிவந்து, அவள் பார்க்கும்படி மூச்சு விடாமல் குடித்தான். பாதிரியாரம்மா தலை நிறைய நுரையோடு எழுந்து என் கையைத் தட்டிவிட்டு, அலசும் குழாயிலேயே வாயை வைத்தாள். நான் கெட்டிலை அணைத்துவிட்டுச் சமையலறைக் குழாயைத் திறந்து, இரண்டு கையிலும் ஏந்தி, பல் கூசும் அந்தக் குளிர்ந்த தண்ணீரை வயிறு நிறையக் குடித்தேன்.